வந்துட்டாரு

மார்ச் 4

அண்ணா,

போனில் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். காரணம் உனக்கே தெரியும். பேசினால் நான் கத்துவேன். நான் கத்தியதும் நீ, "சரி விடு, ஆபீஸெல்லாம் எப்படிப் போகுது?" என்பாய். இந்த முறை எனக்கு அந்தக் கேள்வி வேண்டாம், பதில் வேண்டும். அதனால் மின்னஞ்சல்.

இன்று அலுவலகத்தில் ஒரு சோப்பு உறைக்கு நுரை வரைந்து முடித்த கையோடு நம் கணினி விளையாட்டின் இணையக் கடைப்பக்கத்தைத் திறந்தேன். நேற்றுவரை அங்கே நான் வரைந்த முகப்புப் படம் இருந்தது. இன்று பல் இருக்கிறது. வாய் கொள்ளாத பல், காதுவரைக்கும். கண்ணில் ரத்தம், நகத்தில் ரத்தம். தலைப்பின் எழுத்திலிருந்துகூடச் சொட்டுகிறது. யாருடைய முகம் அது? எந்தக் கடையில் மொத்த விலைக்கு வாங்கினாய்?

அதற்குக் கீழே விவரணை: "நெஞ்சை உறைய வைக்கும் அமானுஷ்யத் திகில்! அந்த வீட்டில் அது உனக்காகக் காத்திருக்கிறது! உயிர் தப்புவாயா?"

உனக்கே மறந்துவிட்டது போலிருப்பதால் சொல்கிறேன். நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து செய்த விளையாட்டில் பேய் கிடையாது. பள்ளி விட்டு வந்த ஒரு குழந்தை, ஒரு வீடு, அவ்வளவுதான். அவர் வருவதற்குள் எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைக்க வேண்டும். நாற்காலி இருந்த கோணத்தில், ரேடியோ இருந்த சத்தத்தில், சீப்பு இருந்த பக்கம் பார்த்து. பிறகு அறைக்குள் போய், அவர் சாவிக்கொத்தை மேஜையில் எப்படிப் போடுகிறார் என்று கேட்க வேண்டும். மெதுவாக வைத்தால் பிழைத்தோம். வீசினால் ஒளிய நேரம் இருக்கிறது. சத்தமே வராவிட்டால்தான் பயம். கையில் சாவியோடு எங்கோ நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அவர் முகம் கடைசிவரை வராது. அந்த வீட்டில் எதுவும் காத்திருக்கவில்லை அண்ணா. குழந்தைதான் காத்திருக்கிறது.

இதையெல்லாம்கூட ஏதோ வியாபாரப் புத்தி என்று விட்டுவிடுவேன். ஆனால் தலைப்பை எப்படி மாற்றினாய்? "வந்துட்டாரு" என்று இருந்ததை "வந்துடுச்சு" என்று ஆக்கியிருக்கிறாய்.

அது நாம் யோசித்துக் கண்டுபிடித்த சொல் இல்லை. அம்மாவுடையது. தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டதும், கையில் இருக்கும் பாத்திரத்தைக்கூட வைக்காமல், பாதி மூச்சிலும் பாதி குரலிலுமாகச் சமையலறையிலிருந்து சொல்வாள். நமக்கு அவள் கொடுக்க முடிந்த பாதுகாப்பே அந்த ஒரு சொல்தான். அவள் போன பிறகு அவளுடையது என்று மிச்சம் இருந்ததையும் அழித்திருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

பதில் எழுது.

உன் தங்கை

*

மார்ச் 6

பென்சில் மகாராணிக்கு,

கோர்ட்டு சம்மன் மாதிரி ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. குற்றவாளி ஆஜர்.

முதலில் உன் முகப்புப் படம். பெரிதாக்கிப் பார்த்தால் அழகுதான், யார் இல்லையென்றது? இருட்டான நடை, கடைசியில் ஒரு கதவு, கதவடியில் ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு. ஆனால் கடைப்பக்கத்தில் யாரும் அதைப் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை. நூறு விளையாட்டுக்கு நடுவே கட்டைவிரல் நகத்தளவு தெரியும். அந்த அளவில் உன் படம் ஒரு கறுப்புக் கட்டம். நடுவில் ஏதோ இரண்டு கரப்பான்பூச்சி. தாடியிடம் காட்டினேன். அவன்தான் என் நண்பர்களில் இரண்டு திகில் விளையாட்டு செய்து விற்றவன், கொஞ்சம் விஷயம் தெரிந்தவன். "என்னடா, செருப்புக் கடை திறக்கப் போறீங்களா?" என்று கேட்டான்.

உன் விவரணையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "வீடு என்பது நினைவில் வைத்திருக்கும் ஒரு தண்டனை" என்று ஆரம்பித்தாய். படிக்க நன்றாக இருந்தது. ஆனால் விளையாடுபவன் உள்ளே போய் என்ன செய்வான் என்று பத்து வரி தாண்டித்தான் வந்தது. பத்தாவது வரிவரை யாரம்மா படிக்கிறார்கள்?

தலைப்பை மாற்றச் சொன்னதும் தாடிதான். "பேய்க்கு எதுக்குடா மரியாதை? பேய் என்ன உன் மாமனாரா?" என்றான். சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு எனக்கும் சரியென்று பட்டது.

படம் மாற்றியதும் முன்னோட்டப் பதிப்பைப் பதிவிறக்கியவர்கள் எண்ணிக்கை ஐந்து மடங்கு. அடுத்த மாதம் வெளியீடு. இரண்டு வருடம் வேலையை விட்டுவிட்டு இதில் உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு மாதம் பிறந்தால் சோப்புக் கம்பெனி இருக்கிறது. எனக்கு இந்த ஒன்றுதான்.

அம்மாவை இதில் இழுக்காதே.

அண்ணன்

*

மார்ச் 9

அண்ணா,

ஐந்து மடங்குப் பேர் இறக்கினார்கள். இறக்கியவர்கள் என்ன எழுதினார்கள் என்று பார்த்தாயா? நான் பார்த்தேன், ஒன்று விடாமல்.

"மூணு தடவ நாற்காலிய சரியா போட்டேன். பேய் வரல. இது என்ன, வீட்டு வேலை பழகுற விளையாட்டா?"

"பல்லக் காட்டிட்டு உள்ள சாவிய காட்டுறாங்க. ஏமாத்து."

"அந்தப் படத்துல இருக்குறவன் எங்கய்யா? அவனப் பாக்கத்தான் வந்தேன்."

இவர்கள்மேல் எனக்குக் கோபமே இல்லை. பல்லைக் கேட்டு வந்தவர்களுக்கு நாம் பல்லைக் கொடுக்கவில்லை. நியாயமாகத் திட்டுகிறார்கள். சாவிச் சத்தத்துக்குப் பயப்படக் கூடியவர்கள் உன் பல்லைப் பார்த்த உடனேயே தாண்டிப் போய்விட்டார்கள். சோப்பு உறைதானே என்று நீ இளக்காரமாகச் சொல்கிற வேலையில் எனக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள்: உறையில் எலுமிச்சை போட்டால் உள்ளே எலுமிச்சை வாசம் இருக்க வேண்டும். மல்லிகை வாசம் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், எலுமிச்சைக்கு வந்தவள் சோப்பைத் தூக்கித்தான் எறிவாள்.

படம் இருட்டு என்று நீ சொன்னது சரி. நகத்தளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன், கரப்பான்பூச்சிதான். விவரணை நீளம் என்பதும் சரி. அழகாக எழுதுகிற ஆசையில் விளையாட்டைச் சொல்ல மறந்தேன். இரண்டையும் மாற்றித் தருகிறேன். இதை நீ பத்து நாளைக்கு முன்பு என்னிடம் சொல்லியிருந்தால் அன்றே மாற்றியிருப்பேன். தாடியிடம் சொல்லத் தெரிந்தது, என்னிடம் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் தலைப்பு வேறு விஷயம்.

"அது" என்று சொல்லிவிட்டால் யாருக்கும் எந்தப் பொறுப்பும் இல்லை. வெள்ளம் வந்தது, இடி விழுந்தது, பேய் வந்தது. "அது"விடம் போய் ஏன் என்று கேட்க முடியாது. "அவன்" என்றால் திட்டலாம். திட்ட முடிகிற ஆளிடம் பாதிப் பயம் போய்விடுகிறது. "அவர்" என்று சொல்கிற வாய்தான் நடுங்குகிற வாய். ஆள் இல்லாதபோதுகூட, பத்து வீடு தள்ளி இருக்கும்போதுகூட, மரியாதை குறையாமல் சொல்கிற வாய். அந்த ஒரு "ரு"வில்தான் நம் விளையாட்டே இருக்கிறது. அதைப் புரிந்துகொள்கிற மொழி நம்முடையது. அந்தக் கடையில் இருக்கிற மற்ற நூறு விளையாட்டுக்கும் கிடைக்காத வசதி அது. அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் பல் வாங்கியிருக்கிறாய்.

இன்னொன்று. போன வாரம் நீ அனுப்பிய பதிப்பை விளையாடினேன். முன்பு இருந்த சாவிச் சத்தம் எங்கோ இணையத்தில் எடுத்தது. இப்போது இருப்பது அது இல்லை. காதில் விழுந்த உடனே எழுந்து நின்றுவிட்டேன். என் அறையில், இத்தனை ஊர் தாண்டி, கதவை உள்ளே பூட்டிக்கொண்டு இருக்கிற என் அறையில், எழுந்து நின்றேன். அவருடைய சாவிக்கொத்தை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்திருக்கிறாய்.

அப்படியென்றால் யாரைப் பற்றிய விளையாட்டு இது என்று உனக்கு நன்றாகவே தெரியும். ஒலியில் உண்மையைச் சொல்லிவிட்டு முகப்பில் ஏன் பொய் சொல்கிறாய்?

தங்கை

*

மார்ச் 12

ஏன் என்றா கேட்கிறாய்? சொல்கிறேன்.

நீ போய்விட்டாய். வேலை கிடைத்தது, பெட்டியைக் கட்டினாய், போய்விட்டாய். நல்லது. போகாதே என்று நான் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததே நான்தான். ஆனால் "அவர்" என்கிற விகுதியைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவதற்கு உனக்கு ஒரு தனி அறை இருக்கிறது. நான் அந்த விகுதியோடு ஒரே வீட்டில் இருக்கிறேன்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. ஆனாலும் காலையில் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, எங்காவது போய்விட்டு மதியம் திரும்புகிறார். ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்தபோது மற்றவர்கள் எழுதியதை எல்லாம் திருத்துவாரே, இப்போது நான் ஒட்டி வைக்கிற பால்காரருக்கான சீட்டைத் திருத்துகிறார். முன்பு போல இல்லை. கை ஓங்குவதில்லை. வயதாகிவிட்டது. மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். முதுகுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறேன். அந்த முதுகைத் தேய்க்கும்போது என்ன நினைக்க வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலாவது இருந்தால் அனுப்பு. நீதான் நிறையப் படிப்பவளாயிற்றே.

எனக்கு முப்பத்தொரு வயது. இன்றைக்கும் மதியம் அந்தச் சாவி மேஜையில் எப்படி விழுகிறது என்று கேட்டுவிட்டுத்தான் அறையை விட்டு வெளியே போவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன். அப்படிக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான், கேட்பதுதான் கேட்கிறோம், பதிவாவது செய்வோமே என்று ஒலிவாங்கியைக் கதவருகே வைத்தேன்.

அவரிடம் இப்போது போன் இருக்கிறது. சித்தப்பா கண்டதையெல்லாம் அனுப்புகிறார். "உன் பிள்ளை செஞ்ச விளையாட்டாமே" என்று ஒரு நாள் இந்தக் கடைப்பக்கத்தையும் அனுப்புவார். அவர் திறப்பார். "வந்துட்டாரு" என்று இருக்கும். நாற்காலி, ரேடியோ, சீப்பு எல்லாம் இருக்கும். அவருக்குப் புரியாதா? புரிந்தால் நான் அவர் எதிரில் எப்படி நிற்பேன்? நீ இருக்க மாட்டாய். நான்தான் இருப்பேன். எப்போதும் நான்தான்.

பல் வைத்தது அதற்காகத்தான். பல் இருந்தால் அது பேய். பேய் என்றால் யாரும் யாரையும் சொல்லவில்லை. தாடி சொன்னது எனக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

இதைத்தானே கேட்க ஆசைப்பட்டாய்? கேட்டாயிற்றா?

*

மார்ச் 15

அண்ணா,

கேட்டேன்.

நான் போனதைச் சொல்லிக்காட்டியிருக்கிறாய். போனதற்காக வருத்தப்பட மாட்டேன். திரும்பவும் பெட்டி கட்டச் சொன்னாலும் கட்டுவேன். நீயும் கட்டியிருக்கலாம். கட்டவில்லை என்பதற்காக என்னைக் குத்தாதே. நான் உன்னை அங்கே உட்கார வைக்கவில்லை. உட்கார வைத்தவரைப் பற்றி ஒரு வரிகூட கோபமாக எழுதவில்லை நீ. தைலம், மாத்திரை, வயதாகிவிட்டது. என்மேல் மட்டும் ஒரு பக்கம் கோபம். எளிதாகக் கிடைக்கிற ஆள்மேல் கோபத்தைக் காட்டுவது எந்த வீட்டில் கற்ற பழக்கம் என்று யோசித்துப் பார்.

எழுதிவிட்டு அழிக்கலாமா என்று பார்த்தேன். அழிக்கப் போவதில்லை.

புதிய முகப்புப் படம் இணைத்திருக்கிறேன். இந்த முறை நகத்தளவுக்குச் சுருக்கித்தான் முதலில் வரைந்தேன், அங்கே நின்ற பிறகுதான் பெரிதாக்கினேன். மேஜை விளிம்பு ஒரு குழந்தையின் கண் மட்டத்தில் இருக்கிறது. மேலிருந்து ஒரு கை வருகிறது. மடிப்புக் கலையாத சட்டைக் கை, கையில் சாவிக்கொத்து. இன்னும் வைக்கவில்லை. பின்னால் மஞ்சள் வெளிச்சம் மட்டும். ரத்தம் இல்லை. தலைப்பு வெள்ளையில், தடிமனாக, எந்த அலங்காரமும் இல்லாமல். எவ்வளவு சின்னதாக்கினாலும் கையும் சாவியும் அந்த ஒரு சொல்லும் தெரிகிறது. என் மேலாளரிடம் எதுவும் சொல்லாமல் காட்டினேன். "யாரோட கை இது? சாவிய கீழ வைக்கப் போறாரா, வீசப் போறாரா?" என்று கேட்டார். அது போதும்.

விவரணை:

"பள்ளி விட்டு வந்தால் வீட்டில் நீ மட்டும்தான். நாற்காலி, ரேடியோ, சீப்பு: நீ தொட்டதையெல்லாம் இருந்தபடி திரும்ப வை. பிறகு சாவிச் சத்தத்தைக் கவனமாகக் கேள். இந்த வீட்டில் பேய் இல்லை. அவர் மட்டும்தான்."

என்ன செய்ய வேண்டும் என்று முதலிலேயே வந்துவிட்டது. பேயைத் தேடி வருகிறவர்கள் வாசலோடு போய்விடலாம், அதையும் சொல்லியாயிற்று. "பயங்கரம்", "திகில்" எதுவும் இல்லை. பயப்படு என்று சொல்லிப் பயமுறுத்த முடியாது.

இதைப் போட்டால் போடு. "வந்துடுச்சு" என்று வெளியிடுவதானால் என் பெயரை எடுத்துவிடு. நான் வரைந்த வீடு, சுவர், நாற்காலி, எல்லாவற்றையும் எடுத்துவிடு. பல்லோடு நீயே குடும்பம் நடத்து.

தங்கை

*

மார்ச் 27

பென்சிலுக்கு,

இத்தனை நாள் உன் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. எழுதினால் திட்டியிருப்பேன். "எந்த வீட்டில் கற்ற பழக்கம்" என்ற வரியைப் படித்துவிட்டுக் கணினியை மூடிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். இன்னும் அந்த வரிக்காக உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். தப்பு என்று சொல்ல முடியாததால் அதிகக் கோபம்.

இன்று நடந்ததைச் சொல்கிறேன்.

உன் படத்தைப் போட்டுப் பார்ப்போம் என்று காலையில் கடைப்பக்கத்தின் வரைவில் ஏற்றினேன். திரை முழுக்க அந்தக் கை. தலைப்பு "வந்துட்டாரு". வெளியிடும் பொத்தானை அழுத்துவதா வேண்டாமா என்று உட்கார்ந்திருந்தேன். காதில் ஹெட்போன். அதனால் அவர் வெளியிலிருந்து வந்தது எனக்குக் கேட்கவில்லை. என் வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கேட்கவில்லை. நிழல் விழுந்து திரும்பிப் பார்த்தால் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். மடிப்புக் கலையாத சட்டை. கையில் சாவிக்கொத்து. திரையில் இருப்பதே பக்கத்தில் நிற்கிறது.

மூடவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். விவரணையை வாய்விட்டுப் படித்தார். நாற்காலி, ரேடியோ, சீப்பு. கடைசி வரியையும் படித்தார், "அவர் மட்டும்தான்."

"என்னடா இது, வாட்ச்மேன் கதையா?" என்றார்.

"விளையாட்டு" என்றேன்.

"சாவிய வச்சுக்கிட்டு யாருடா பயமுறுத்துவா? எவன் வாங்குவான் இத?" என்று சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். நடிப்பு இல்லை. நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த முகத்தைப் படிக்கத் தெரியும், நமக்கு வேறு படிப்பே கிடையாதே. அதில் ஒன்றுமே இல்லை. அவருக்கு நினைவே இல்லை. மறைக்கிறார் என்றால்கூட ஒரு கண் சிமிட்டலாவது இருக்கும். அந்த வீட்டை அவர் பார்த்ததே இல்லை போல இருந்தது.

இவ்வளவு வருடம் எதற்குப் பயந்தேன்? அவருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்தேன். தெரியவே தெரியாது என்பதற்கு என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

போகிறவர் நின்று திரும்பினார். தலைப்பைக் கையால் காட்டினார். "வந்துட்டாருன்னு எழுதுறதா? பேசுற மாதிரியே எழுதுவாங்களா யாராவது? 'வந்துவிட்டார்'. தப்பு இல்லாம மாத்து" என்றார்.

பக்கம் ஏறிவிட்டது. பார்த்துக்கொள்.

அண்ணன்

*

மார்ச் 28

அண்ணா,

பார்த்தேன். கை இருக்கிறது. விவரணை இருக்கிறது. ஒரு எழுத்து மாறவில்லை.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். "தப்பு இல்லாம மாத்து" என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த உடனே அருவருப்பாக இருந்தது. நமக்கு நடந்ததில் அவர் கண்ணுக்குப் பட்டது ஒரே ஒரு எழுத்துப் பிழை. இன்று சோப்பு, நுரை எதிலும் கை ஓடவில்லை.

ஆனால் நீ ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறாய். மாற்று என்று அவர் சொன்னார். பக்கத்தில் "வந்துட்டாரு" என்றுதான் இருக்கிறது. நடுவில் நீ என்ன சொன்னாய்?

தங்கை

*

மார்ச் 29

பென்சிலுக்கு,

"மாத்த மாட்டேன்" என்றேன்.

"என்ன?" என்றார். அந்த "என்ன" உனக்குத் தெரியும்.

"மாத்த மாட்டேன்" என்றேன்.

வேறு எதுவும் வாயில் வரவில்லை. அம்மா சொன்ன சொல் அது, உங்களைப் பற்றித்தான் அது, பிழை எழுத்தில் இல்லை என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். பின்னால் மாடியில் நின்று அத்தனையும் யோசித்தேன். அப்போது அந்த இரண்டு சொல்தான் இருந்தது. குரல் நடுங்கியது. இரண்டாவது தடவையும் நடுங்கியது. வீரம் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம். அவர் திருத்தச் சொன்னதற்குக்கூட இல்லை, சிரித்தாரே, அதற்கு.

பிறகு போய்விட்டார். அதிலிருந்து என்னோடு பேசவில்லை. மாத்திரையை வைத்தால் நான் அந்தப் பக்கம் போன பிறகு எடுத்துக்கொள்கிறார். சித்தப்பாவுக்குப் போன் போட்டு, பிள்ளை எதிர்த்துப் பேசுகிறான் என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். என்ன தலைப்பு, என்ன விளையாட்டு என்று சித்தப்பாவிடமும் சொல்லவில்லை. அது அவருக்கு ஒரு விஷயமே இல்லை.

பயமாகத்தான் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். ஆனால் நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு, தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போகவில்லை. அவர் எதிரிலேயே உட்கார்ந்தேன். அவர் நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் நானும் நிமிர்ந்து பார்த்தேன். அவர் எழுந்து போன பிறகும் உட்கார்ந்திருந்து, மெதுவாக, தட்டில் இருந்ததெல்லாம் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அண்ணன்